சலித்த மண்ணும் சலிக்காத பூனைகளும்

இந்தத் தடவை யோசனை சொல்ல மாட்டேன்.

அன்று காலை பல் விளக்கும்போதே இந்த முடிவுக்கு வந்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து மூன்று முறை சொல்லிக்கொண்டேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் கொஞ்சம் குழறியது. ஆனால் உறுதியில் குறைவில்லை. புகார் சொல்வேன். கோபமாகவே சொல்வேன். யோசனை மட்டும் சொல்லவே மாட்டேன்.

இதெல்லாம் ஒரு சபதமா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டுப் புகார் புத்தகத்தைப் பார்த்திருந்தால் நினைக்க மாட்டீர்கள்.

என் மனைவிக்குத் தண்ணீர் அலுவலகத்தில் வேலை. புகார் கவுன்டர். குழாயில் காற்றுதான் வருகிறது, காற்றும் கலங்கலாக வருகிறது என்று தினமும் அறுபது பேர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வருவார்கள். அறுபது பேரும் சிரித்த முகத்தோடு திரும்பிப் போவார்கள். தண்ணீர் கிடைத்ததா என்றால், அதெல்லாம் கிடைத்திருக்காது. அவளுடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். "நீங்களே சொல்லுங்க சார், இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்பாள். வந்தவருக்குப் பெருமை தாங்காது. வாழ்க்கையில் அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். யோசனை சொல்வார். அதை எழுதி வாங்குவாள். கையெழுத்தும் வாங்குவாள். வேலை அவர் தலையிலேயே விடியும். தெருக்குழாய் ஒழுகுகிறது என்று மேஜையைத் தட்டிய ஒரு மனிதர் இப்போது தினமும் காலையில் அந்தக் குழாய்க்குத் தானே துணி கட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். அவளைப் பார்த்தால் நன்றி வேறு சொல்கிறார்.

கல்யாணமான மாதமே அந்த முறையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு நீள நோட்டு. நோட்டில் நூல் கட்டிய பேனா.

"வாயால சொன்னா சண்டை வரும். எழுதிக் குடுத்தா தீர்வு வரும்" என்றாள்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அப்போது எனக்கு வயது குறைவு.

நோட்டில் ஐந்து கட்டங்கள். புகார், புகார்தாரர், யோசனை, பொறுப்பு, நிலை. இந்தப் பதினொரு வருஷத்தில் நான் எழுதிய புகார்களில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். புகார்: சமையலில் உப்பு அதிகம். யோசனை: உப்புப் போடும்போது யாராவது பக்கத்தில் நின்று பார்க்கலாம். பொறுப்பு: கணவர். பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தவன், இப்போது வாரத்தில் மூன்று நாள் நடுவில் நின்று சமைக்கிறேன். இன்னொன்று. புகார்: காலையில் அலாரம் காதைக் கிழிக்கிறது. யோசனை: மனுஷக் குரலில் மென்மையாக எழுப்பினால் நன்றாக இருக்கும். பொறுப்பு: கணவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஐந்தரை மணிக்கு நான்தான் அடிக்கிறேன்.

அவள் எழுதிய புகார் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. "எனக்கு என்னங்க குறை?" என்பாள். அதைக் கேட்டுப் பல தடவை பூரித்துப் போயிருக்கிறேன்.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் ஜெயித்தேன். அந்த வெற்றியின் நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஆறு அடி.

வீட்டு வாசல்படிக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கிற மண் தரை அது. அவளுக்கு அங்கே தட்டைக்கல் பதித்து நாலு நாற்காலி போட வேண்டும் என்று ஆசை. "ஆபீஸ் விட்டு வந்து கால நீட்டி உக்காந்து ஒரு வாய் டீ குடிக்கணுங்க" என்றாள். எனக்குத் தோட்டம் போட ஆசை. தக்காளி, கத்தரி, ஓரமாகக் கொஞ்சம் பீன்ஸ். காரணம் இருந்தது. என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், பால்கனியில் நாலு தொட்டி வைத்துக்கொண்டு தினமும் காலையில் எனக்கு ஒரு தக்காளிப் படம் அனுப்புகிறார். ஒரு நாள் பச்சை. ஒரு நாள் மஞ்சள். ஒரு நாள் சிவப்பு. 'இன்றைய அறுவடை' என்று கீழே எழுதுவார். வயிறு எரிய ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அரை மணி நேரம் வாதாடினேன். வெயில், காற்று, விஷமில்லாத காய், மன நிம்மதி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரிங்க, தோட்டமே போடுங்க" என்றாள்.

எனக்கு நாற்காலி பிடித்து உட்கார வேண்டியிருந்தது.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள். "இப்படிக் கல்லும் கட்டியுமா இருக்கற மண்ணுலயா செடி வைப்பீங்க? நல்லா சலிச்சுப் போடுங்க. உங்களுக்குத் தெரியாத சல்லடையா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் உருகாத ஆண்மகன் இல்லை. அதுவும் என் தொழிலில்.

எனக்குக் கட்டுமானப் பொருள்களைப் பரிசோதிக்கும் லேபில் வேலை. வீடு கட்டுகிறவர்களும் பாலம் கட்டுகிறவர்களும் மணலை மூட்டையில் கட்டிக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதை அடுக்குச் சல்லடையில் போட்டுக் குலுக்கி, எந்த அளவுப் பொடி எவ்வளவு என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். பத்தொன்பது வருஷமாகச் சலிக்கிறேன். இன்னும் எனக்குச் சலிக்கவில்லை.

ஆகவே என் தோட்டத்து மண்ணை ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தேன். முதலில் பெரிய கண் சல்லடை. பிறகு நடுத்தரம். கடைசியில் அறுநூறு மைக்ரான். அது ஏறக்குறைய மாவு சலிக்கிற சல்லடை அளவு நைசு. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயந்திரம்வரை. கல் மட்டும் பதினாறு கோணி வெளியே போனது. மிச்சம் இருந்த மண்ணைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தோடியது. ஒரு பிடியை லேபுக்கு எடுத்துப் போனேன். மேனேஜர் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "எந்த ஆத்து மணல் இது? இவ்ளோ சீரா நான் பாத்ததே இல்லையே" என்றார். "எங்க வீட்டு வாசல் சார்" என்றேன். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாற்று நட்டேன். மூன்றாம் நாள் காலை, தக்காளி நாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு. நான் போடாத மேடு. குனிந்து கிளறிப் பார்த்தேன். அதற்குமேல் நான் விவரிக்கப் போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவராக இருக்கலாம்.

மறுநாள் இரண்டு மேடு. அதற்கு மறுநாள் நாலு. வாரக்கடைசியில் ஹால் ஜன்னலைத் திறந்தால் மூக்கு தானாக மூடிக்கொண்டது.

வருகிற பூனைகளுக்கெல்லாம் அடையாளத்துக்குப் பெயர் வைத்தேன். முழுக் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை: வக்கீல். ஒரு பக்கம் மட்டும் மீசை உள்ளது: பாதி. எல்லோருக்கும் தலைவன் போல முதலில் வந்து, எல்லோரும் போன பிறகு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு தடித்த செம்பழுப்புப் பூனைக்கு மட்டும் நான் பெயர் வைக்கவில்லை. அதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு. கார்டு. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் பூனை. ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடி பிடித்து நிற்கும் கார்டு மாதிரி எப்போதும் வாலைத் தூக்கியே வைத்திருக்கும் என்பதால் அவர் வைத்த பெயர்.

அந்தச் சமயத்தில்தான் மனைவி சொன்னாள். "என்னங்க, மூணாவது ஞாயித்துக்கிழமை தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வர்றாங்க. அவர் ஒங்க தோட்டத்தப் பாக்கணும்னு துடிக்கறாராம்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சகலைக்கு நான் ஏற்கெனவே, 'நேரில் வாருங்கள், தோட்டம் என்றால் என்ன என்று காட்டுகிறேன்' என்று அனுப்பியிருந்தேன். இப்போது வந்தால் நான் காட்ட வேண்டியதில்லை. தெருமுனையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அது மட்டுமா? இப்படியே நாறினால் அவள் கல் பதிக்க வேண்டும் என்பாள். பதினொரு வருஷத்தில் நான் ஜெயித்த ஒரே பன்னிரண்டுக்கு ஆறு கையை விட்டுப் போகும். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அதனால்தான் பல் விளக்கும்போது அந்தச் சபதம். நோட்டை எடுத்தேன். புகார்: தோட்டத்தில் பூனைகள் அசுத்தம் செய்கின்றன. புகார்தாரர்: கணவர். யோசனை என்ற கட்டத்தில் ஒரு பெரிய கோடு இழுத்தேன்.

அவள் படித்தாள். "யோசனை கட்டம் காலியா இருக்கே?"

"காலியாத்தான் இருக்கும்."

"ஒண்ணுமே தோணலையா?"

"தோணுது. சொல்ல மாட்டேன்."

"சரிங்க. பரவால்ல" என்று நோட்டை ஆணியில் மாட்டினாள். "யாராவது விவரம் தெரிஞ்சவங்களக் கேட்டுடறேன். தங்கச்சி வீட்டுக்காரரக் கேக்கட்டுமா? தோட்டத்துல அவர் கெட்டிக்காரராமே."

"வேணாம்! நானே பாத்துக்கறேன்!" என்று கத்திவிட்டேன்.

கட்டம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் வேலை எப்படியோ என் தலைக்கு வந்துவிட்டது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பூனைக்கு ஆரஞ்சுத் தோல் வாசனை ஆகாது என்று லேபில் ஒருவர் சொன்னார். மூன்று நாள் லேப் முழுக்க எனக்காக ஆரஞ்சு தின்றது. தோலை மண்மேல் பரப்பினேன். மறுநாள் காலையில் தோலெல்லாம் ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நடுவில் காரியம் நடந்திருந்தது.

"பரவால்லீங்க, எவ்ளோ நாசூக்கு" என்றாள் மனைவி.

காப்பித்தூள் போட்டால் வராது என்று இன்னொருவர் சொன்னார். போட்டேன்.

"காப்பியா போட்டீங்க?" என்றாள். "போச்சு. இனிமே அதுங்களுக்குத் தூக்கம் வராது. இருபத்திநாலு மணி நேரமும் இங்கதான்."

அவள் சொன்னது போலவே நடந்தது. பூனைகள் ஏழாகிவிட்டன.

ஒவ்வொரு நாள் காலையிலும் அசுத்தமான மண்ணை அள்ளி எடுத்து, கழுவி, காயவைத்த மண்ணை மறுபடி அறுநூறு மைக்ரானில் சலித்துப் பரப்பினேன். ஒரு சின்னக் கட்டிகூட இல்லாமல் பலகையால் மட்டம் தட்டினேன். நான் வேலை செய்து முடிக்கும்வரை ஏழு பூனைகளும் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தன. அவசரமே படவில்லை. நான் நகர்ந்ததும் ஒவ்வொன்றாக இறங்கின. எந்தப் பக்கம் குதிப்பது என்ற குழப்பமே இல்லை. ஏழும் என் பக்கம்தான்.

அந்த ஞாயிற்றுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடைசி ஆயுதத்தை எடுத்தேன். தண்ணீர்க் குழாய். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குந்தியபடி ரப்பர் குழாயை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. சரியாக ஏழு மணிக்கு மதில்மேல் வால் ஒன்று தெரிந்தது. கார்டு. திறந்தேன். கார்டு நிதானமாக ஒரு அடி நகர்ந்தது. தண்ணீர் மதிலைத் தாண்டிப் போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அலறல்.

"யாருய்யா அது!"

ஸ்டேஷன் மாஸ்டர். கையில் செய்தித்தாள் துவைத்துப் போட்ட துண்டு மாதிரி தொங்கியது.

"நான்தான் சார். மன்னிச்சுக்குங்க. பூனைக்கு விட்டேன்."

"பூனைக்கா? விளையாட்டுப் பக்கம் வரைக்கும் நனைஞ்சு போச்சு!"

"ஒங்க கார்டு தினமும் எங்க தோட்டத்துலதான் சார்..."

"நம்ம கார்டா? இருக்கவே இருக்காது தம்பி. அதுக்குன்னு தனியா தட்டு, தட்டுல மண்ணு, எல்லாம் வீட்டுக்குள்ள வெச்சிருக்கேன். ஒழுக்கமான பூனை."

அந்த நேரத்தில் கார்டு என் தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் ஒரு குழி பறித்து, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களைச் சட்டையே பண்ணவில்லை.

"அது வேற பூனை" என்றார்.

"கழுத்துல பச்சை ரிப்பன் கட்டியிருக்கு சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "சரி தம்பி, உண்மையச் சொல்லிடறேன். மொதல்ல தட்டுலதான் போய்க்கிட்டிருந்துது. இப்ப அந்தப் பக்கமே திரும்பறதில்ல. கடை மண்ணு நறநறன்னு குத்துது போல. அதுக்கு ஒரு கல்லு இருக்கக் கூடாது. காஞ்ச மண்ணா, மாவு மாதிரி, ஒரே சீரா இருக்கணும். கொஞ்சம் சொகுசு. இதெல்லாம் அப்பவே ஒங்க வீட்டம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேனே."

கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. அங்கே வேறு ஒன்று விழுந்து உடைந்துகொண்டிருந்தது.

காய்ந்த மண். மாவு மாதிரி. கல்லே இல்லாமல். ஒரே சீராக.

பேயறைந்தது போல நின்றேன். பத்தொன்பது வருஷ அனுபவத்தை முழுவதும் இறக்கி நான் அமைத்தது தோட்டமே அல்ல. பூனைகளுக்கான கழிப்பறை. சான்றிதழ் கொடுக்கக்கூடிய தரத்தில். தினமும் காலையில் சுத்தம் செய்து கொடுக்க ஒரு ஆள் வேறு. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் சலித்து.

ஆனால் நான் சோர்ந்து போகிறவன் இல்லை. நைசு மண் பூனையை இழுக்கிறது என்றால், கல் பூனையை விரட்டும். இது ஆரஞ்சுத் தோல் வைத்தியம் அல்ல. விஞ்ஞானம். இதை உலகத்துக்கு உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உலகம் அப்போது ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாத்துக்கும் காரணம் மண்ணோட நைசு! கல்லு இருந்தா பூனை வராது!"

"அப்படியா?" என்று கண்ணை விரித்தாள். "எனக்குத் தோணவே இல்லையேங்க."

"எப்படித் தோணும்? இது தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் தோணும். மண்ணுமேல கனமா ஜல்லி போடப் போறேன்."

"ஜல்லியா? வேணாங்க. பாவம், செடி நசுங்கிடுமே."

"செடியத் தொட்டியில மாத்தி மாடியில வெச்சுடலாம். அங்க வெயிலும் நல்லா விழுது."

"எவ்ளோ ஆசையா வெச்ச செடி. எனக்கு மனசே வரலீங்க."

"நீ சும்மா இரு. ஆசை வேற, விஞ்ஞானம் வேற."

அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள். மடிப்பை உள்ளங்கையால் தேய்த்தாள். "சரி, ஜல்லி போட்டா நடக்கறப்ப காலக் குத்தாதா? கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவுல தாண்டித் தாண்டியா போறது?"

"அதனாலதான் ஜல்லி வேணாம்கறேன்" என்றேன். ஜல்லி வேண்டும் என்று சொன்னவனும் நான்தான். "தட்டைக்கல்லாவே பதிச்சுடலாம். சிமென்ட்டு வெச்சு, இடுக்கே இல்லாம."

"ஐயோ, தட்டைக்கல்லு வேணவே வேணாம்!" என்று பதறினாள். "மொத்தத் தோட்டமும் போயிடுமேங்க! நான் ஒத்துக்க மாட்டேன்."

ஒத்துக்க மாட்டேன் என்றாள். இங்கேதான் எனக்கு ரத்தம் சூடேறியது. பதினொரு வருஷமாக இந்த வீட்டில் நான் சொன்ன எது நடந்திருக்கிறது? எழுந்து நின்றேன். மண், கல், பூனை, பூனையின் பாதம் என்று இருபது நிமிஷம் பேசினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், வேண்டாம் என்று. ஆட்ட ஆட்ட எனக்கு வேகம் கூடியது.

கடைசியில், "என்னமோ செய்யுங்க. ஒங்க பிடிவாதத்துக்கு முன்னால நான் எந்த மூலைக்கு?" என்றாள். பிறகு திடீரென்று ஞாபகம் வந்தது போல, "ஆனா அந்த ஏழு பூனையும் எங்க போகும்? நேரா மாடிக்கு ஏறித் தொட்டி மண்ணத் தோண்டுமே!" என்றாள்.

அது நல்ல கேள்வி. அவளுக்கும் சில சமயம் மூளை வேலை செய்கிறது என்று மனசுக்குள் பாராட்டினேன்.

"மூலையில ஒரு தொட்டி கட்டி, அதுங்களுக்குன்னு சலிச்ச மண்ணு போட்டுடலாம். அங்கேயே போயிக்கும். வேற எங்கயும் போகாது."

"யாருங்க தினமும் சலிச்சுப் போடறது?"

"யாரா? எனக்குத் தெரியாத சல்லடையா?" என்றேன், மார்பைத் தட்டி.

அவள் எழுந்து போய் நோட்டைக் கொண்டுவந்தாள். நூல் கட்டிய பேனாவைக் கையில் கொடுத்தாள். யோசனைக் கட்டத்தில் போட்டிருந்த கோட்டை நானே அடித்துவிட்டு, ஒன்று விடாமல் எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, இரண்டாவது வெற்றி என்று சொல்லிக்கொண்டேன். இந்தத் தடவை வாயில் நுரை இல்லை. தெளிவாகவே சொன்னேன்.

கொத்தனார் வந்தார். பார்த்தார். நான் முதல் கல்லின் மட்டத்தை மூன்று தடவை சரிபார்த்ததும், "ஒங்களுக்கே இவ்ளோ தெரியுதே, நான் எதுக்கு சார்?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல் பதித்ததில் பாதி நான். முதுகு பிடித்துக்கொண்டதில் முழுவதும் நான். ஒன்பதாம் நாள் வேலை முடிந்தது. பூனைகள் வந்தன. கல்மேல் நடந்து பார்த்தன. காலை உதறின. மூலையில் இருந்த மண்தொட்டியைக் கார்டு முதலில் மோந்து பார்த்து, ஏறி, இறங்கி, வாலை இன்னும் உயரமாகத் தூக்கிற்று. மற்ற ஆறும் அதன் பின்னால் வரிசையில் நின்றன. ஹால் ஜன்னலைத் திறந்தேன். காற்று சுத்தமாக வந்தது. விஞ்ஞானம் ஜெயித்ததில் எனக்குக் கண்ணில் நீர் துளிர்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாடிக்குப் போய்த் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்தேன். கல் தரைமேல் நாலு நாற்காலி இருந்தன. நடுவில் ஒரு சின்ன மேஜை. மேஜைமேல் டீ.

"இதெல்லாம் எப்ப வந்துச்சு?"

"சும்மா கெடக்கற எடந்தானேங்க" என்றாள். "வர்றவங்கள நிக்க வெச்சா பேசறது?"

அதற்குள் கேட் திறந்தது. சகலை உள்ளே வந்தார். நின்றார். கீழே பார்த்தார். "தோட்டத்தக் காட்டறேன்னீங்களே, எங்க?"

"மாடியில. தொட்டியில."

"ஓ, நம்மள மாதிரியே தொட்டியா?" என்று என் தோளைத் தட்டிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு பை நிறையத் தக்காளி. அவர் வீட்டுத் தக்காளி.

கொழுந்தியாள் இன்னொரு பையைப் பிரித்து நாலு மெத்தைகளை எடுத்தாள். நாற்காலிகளில் வைத்தாள். ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை. வார்த்தது போல உட்கார்ந்தன.

"அடேயப்பா, அளவு எப்படி இவ்ளோ கச்சிதமா இருக்கு?" என்று கேட்டேன்.

"அக்கா நாற்காலிய ஆர்டர் பண்ணப்பவே அளவு குடுத்துட்டா மாமா. நாலு மாசமாச்சு. எனக்குத்தான் தைக்க நேரமே கெடைக்கல."

நாலு மாசம். அதை நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். நாலு மாசத்துக்கு முன்னால் என் தோட்டத்தில் பூனையே இல்லை. தோட்டமே இல்லை. அரை மணி நேரம் வாதாடி நான் ஜெயித்த நாள்தான் இருந்தது.

மனைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். தங்கை ஒன்றில். சகலை ஒன்றில். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "டீ வாசனை அடிக்குதே" என்றார். "வாங்க சார், ஒங்களுக்கும் போட்டிருக்கேன்" என்றாள் மனைவி. நாலாவது நாற்காலியும் நிறைந்தது. கார்டு அவர் மடியில் ஏறிக்கொண்டது.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னங்க, நிக்கறீங்களே" என்றாள் மனைவி, கனிவாக. "அப்படியே அந்தத் தொட்டி மண்ணக் கொஞ்சம் சலிச்சுடுங்களேன். வக்கீல் இப்பத்தான் இறங்கிப் போச்சு."

சலித்தேன். என் தொழிலில் எனக்கு முதல் முறையாகச் சலித்தது. கையைக் கழுவிக்கொண்டு நேராக ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போனேன். எழுதிவிட வேண்டியதுதான். புகார்: எனக்கு என் வீட்டு வாசலில் உட்கார இடமில்லை. யோசனைக் கட்டத்தில் யார் கேட்டாலும் கோடு. உலகமே வந்தாலும் கோடு.

நோட்டைப் பிரித்தேன். பக்கம் தீர்ந்துபோயிருந்தது. பதினொரு வருஷத்தில் நான் அவ்வளவு எழுதியிருக்கிறேன். வேறு இடம் இருக்கிறதா என்று கடைசி அட்டைப் பக்கமிருந்து திருப்பினேன். அங்கே தலைகீழாக அவள் கையெழுத்து. நோட்டைத் திருப்பிப் பிடித்தேன். பின்னாலிருந்து ஆரம்பித்து எழுதப்பட்ட ஒரே ஒரு புகார். தேதி, நான் தோட்டத்தை ஜெயித்த அன்று. நிலை என்ற கட்டத்தில் மட்டும் மை இன்னும் பளபளவென்று இருந்தது. தீர்க்கப்பட்டது.

புகார்: வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார இடம் இல்லை. புகார்தாரர்: மனைவி. யோசனை: அவர் ஆசைப்படி தோட்டம் போட்டுக்கொள்ளட்டும். மண்ணை மட்டும் நன்றாகச் சலிக்கச் சொன்னால் போதும்.

பொறுப்புக் கட்டத்தைக் கடைசியாகத்தான் பார்த்தேன். பதினொரு வருஷமாக அந்தக் கட்டத்தில் என்னைத் தவிர வேறு யாரையும் அவள் எழுதியதில்லை. இந்தத் தடவை எழுதியிருந்தாள்.

பொறுப்பு: பூனை. உதவிக்கு: கணவர்.